பிள்ளைகள் எங்கே பேசுகிறார்கள்? யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

(தென்காசியில் நமது அறக்கட்டளை நடத்திய பெற்றோர், வியாபாரிகள், மாணவர் சந்திப்பில் செயலாளர் ஆற்றிய உரை)



எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குகிறோம். சென்ற ஆண்டு பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகை அறிவிப்பை எப்படி அனுப்பினோம் என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மூன்று பக்க பிடிஎஃப். முதல் பக்கத்தில் நிர்வாகிகளின் பெயர்கள், இரண்டாம் பக்கத்தில் நிபந்தனைகள், மூன்றாம் பக்கத்தின் அடியில் கடைசித் தேதி. அதை ஜமாஅத் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டோம். ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியிலும் அறிவித்தோம். கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம். தேதி முடிந்தபோது, ஒதுக்கிய தொகையில் பாதிக்குக்கூட மனுக்கள் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு தாய் மகளை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். “அந்தக் குரூப் இவ வாப்பா போன்லதான் இருக்கு. அவங்க சவூதியில இருக்காங்க. ஒரு நாளைக்கு நூறு மெசேஜ் வருது, எதைன்னு பார்ப்பாங்க?” என்றார். பின்னால் நின்ற மகள் மெதுவாகச் சொன்னாள்: “எங்க கிளாஸ் குரூப்ல ஒரே ஒரு வரி போட்டிருந்தா அன்னைக்கே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், மாமா.”

அந்தப் பெண்ணிடம் இன்னொன்றும் கேட்டோம். துணிக்கடைத் தள்ளுபடி, புது செல்போன் கவர், கொரியன் முகப்பூச்சு இவையெல்லாம் உனக்கு எப்படித் தெரிகிறது என்று. “அதெல்லாம் தானா வந்துரும் மாமா” என்றாள்.

இந்தப் பதில்தான் இன்றைய பேச்சுக்குக் காரணம். படிக்க உதவி செய்ய வந்த நமக்குத் தெரியாத வழி, பொருள் விற்க வந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. பிள்ளைகள் எங்கே, எப்படிப் பேசுகிறார்கள் என்பதை அவர் உட்கார்ந்து படித்திருக்கிறார். நாம் படிக்கவில்லை.

அவர்கள் பேசும் விதம்

அதன் பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டோம். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, கேட்க மட்டும் செய்தோம். அவர்கள் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலாவது, இருநூறு பேர் இருக்கும் குழுவில் அவர்கள் வாய் திறப்பதில்லை. நான்கைந்து பேர் கொண்ட சின்னக் குழுவிலும், ஒருவருக்கொருவர் அனுப்பும் தனிச் செய்தியிலும்தான் பேச்சு. எல்லோரும் பார்க்கும்படி படம் போடுவது குறைவு. போட்டாலும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் ஸ்டேட்டஸ் அல்லது ஸ்டோரிதான்.

இரண்டாவது, சொல்லாமல் போன் அடித்தால் அவர்களுக்குப் பதற்றம். “பேசலாமா?” என்று எழுதிக் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறார்கள். அதற்குப் பதில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார்கள்.

மூன்றாவது, ஒரு ரீல்ஸை நண்பனுக்கு அனுப்புவதே அவர்களுக்கு ஒரு பேச்சு. “நீ நினைவுக்கு வந்தாய்” என்பதை அந்த வீடியோ சொல்லிவிடுகிறது. ஒரு வார்த்தையும் எழுதுவதில்லை. ஒரு ஸ்டிக்கர் பதிலாக வருகிறது. பேச்சு முடிந்தது.

இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். நம்மில் ஐம்பதைக் கடந்தவர்கள் எண்பதுகளை நினைத்துப் பாருங்கள். வளைகுடாவுக்குப் போன வாப்பாவுக்கு நாம் என்ன அனுப்பினோம்? கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வந்து திரும்புகிறவர் கையில் கொடுத்து அனுப்பினோம். உம்மா அழுவதும், தங்கை ஓதிக்காட்டுவதும் அந்த கேசட்டில் இருந்தது. அதுவும் வாய்ஸ் மெசேஜ்தான். போய்ச் சேர ஒரு மாதம் ஆனது, அவ்வளவுதான் வித்தியாசம். தனக்கு வேண்டியவர் காதில் மட்டும் விழவேண்டும் என்ற ஆசை நமக்கும் இருந்தது.

நம் ஊர்ப் பிள்ளைகள் மட்டும் இப்படி என்று எண்ணிவிடவும் வேண்டாம். 14 முதல் 18 வயது வரையுள்ள கிராமப்புறப் பிள்ளைகளிடம் 2023-இல் ‘ஏசர்’ ஆய்வு நடந்தது. அதில் ஏறக்குறைய 90 சதவீதம் பேருக்கு வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது, அதைப் பயன்படுத்தவும் தெரிகிறது. ஆனால் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தப் போன் உள்ள ஆண் பிள்ளைகள் 43.7 சதவீதம், பெண் பிள்ளைகள் 19.8 சதவீதம். அதாவது நம் பெண் பிள்ளைகளில் பெரும்பாலோர் உம்மாவின் போனிலோ, காக்காவின் போனிலோதான் உலகத்தைப் பார்க்கிறார்கள். சமூக ஊடகம் பயன்படுத்துகிற பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் ஒருவரை பிளாக் செய்வது, கணக்கைத் தனிக் கணக்காக மாற்றுவது போன்ற பாதுகாப்பு அமைப்புகள் தெரிந்திருந்தன என்றும் அதே ஆய்வு சொல்கிறது.

விற்பவர் எப்படிப் பின்தொடர்ந்தார்

பிள்ளைகள் ஓரிடத்தை விட்டு இன்னோரிடம் போனால் விற்பவரும் உடனே போய்விடுகிறார். இதற்கு நம் கண்முன் நடந்த சான்று டிக்டாக். 2019 ஏப்ரல் 3-ஆம் தேதி, நம் மாவட்டத்துக்கும் உரிய சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான், பிள்ளைகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, அந்தச் செயலியைப் பதிவிறக்குவதற்குத் தடை விதிக்கச் சொன்னது. அதே மாதம் 24-ஆம் தேதி தடை நீங்கியது. பிறகு 2020 ஜூன் 29-இல் மத்திய அரசு 59 செயலிகளை ஒரே நாளில் தடை செய்தபோது டிக்டாக்கும் போனது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸ் கொண்டுவந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. கடை மூடப்பட்டது, வாடிக்கையாளர் கூட்டம் எதிர்க் கடைக்குப் போனது, விளம்பரம் செய்கிறவர்களும் பின்னாலேயே போனார்கள்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. பிள்ளைகள் பேசுவது மூடிய அறையில். அங்கே பெயர்ப்பலகை மாட்ட முடியாது. எனவே விற்பவர் வேறு வழி கண்டுபிடித்தார். அந்த அறைக்குள் ஏற்கெனவே இருக்கிறவரைக் கொண்டே பேச வைப்பது. ஒன்று, பிள்ளைகள் அண்ணன், அக்கா என்று நினைத்துப் பார்க்கும் வீடியோக்காரர். பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு, தானே விரும்பிச் சொல்வதுபோல ஒரு பொருளைச் சொல்வார். இரண்டு, பிள்ளையின் சொந்த நண்பனே. “இந்த லிங்கை ஐந்து பேருக்கு அனுப்பு, உனக்கு நூறு ரூபாய்” என்றால் நண்பன் விற்பனையாளன் ஆகிவிடுகிறான். தான் விற்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இதை வாங்கு என்றோ, பெற்றோரிடம் கேட்டு வாங்கு என்றோ பிள்ளைகளை நேரடியாகத் தூண்டும் விளம்பரம் கூடாது என்கின்றன. பணமோ இலவசப் பொருளோ பெற்றுக்கொண்டு பேசுகிறவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரைக் கண்காணித்து, அவருக்கென்று குறிவைத்து விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் தடுக்கும் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறியது.

இன்ஸ்டாகிராமும் 2025 பிப்ரவரி முதல் இந்தியாவில் வளரிளம் பிள்ளைகளுக்கான தனி ஏற்பாட்டைத் தொடங்கியிருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் என்றால் கணக்கு தானாகவே தனிக் கணக்கு ஆகும். முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்ப முடியாது. 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை இதைத் தளர்த்த வேண்டுமானால் பெற்றோர் அனுமதி வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கணக்குத் தொடங்கும்போது பிள்ளை பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகக்கூடும். வீட்டில் அவன் 14 வயதுப் பையன். விளம்பரக்காரர் கணக்கில் 21 வயது வாலிபன். இன்று வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை, பிள்ளையோடு உட்கார்ந்து அந்த வருடத்தைச் சரிபார்ப்பது.

ஒரு பையனின் மூன்று வாரம்

நம் பகுதியைச் சேர்ந்த ஒரு பையன், வயது 17. ஊரும் பெயரும் வேண்டாம். கூடப் படிக்கிறவன் ஒரு டெலிகிராம் லிங்க் அனுப்பினான். ஹோட்டல்களுக்கு ஸ்டார் போட்டால் காசு வரும் என்று. முதல் நாள் 150 ரூபாய் உண்மையாகவே வந்தது. மூன்றாம் நாள், ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு என்றார்கள்; அதுவும் வந்தது. பிறகு உம்மாவின் சீட்டுப் பணம் 18,000 ரூபாயைக் கட்டினான். அது வரவில்லை.

இதில் எங்களை வருத்தியது பணம் போனது மட்டும் அல்ல. மூன்று வாரம் அவன் யாரிடமும் சொல்லவில்லை. சீட்டு கட்டும் நாள் வந்து வீட்டில் தேடியபோதுதான் தெரிந்தது. ஏனப்பா சொல்லவில்லை என்று கேட்டோம். “சொன்னா போனைப் பிடுங்கிருவாங்க. அப்புறம் யார்கிட்டயும் பேச முடியாது” என்றான்.

பணம் போனவுடன் 1930 என்ற எண்ணுக்கு அழைத்திருந்தால், அந்தப் பணம் கைமாறுவதற்குள் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்திருக்கும். இந்த விஷயத்தில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அந்த நேரத்தைத் தின்றது மோசடிக்காரன் மட்டும் அல்ல, வீட்டின் மீது இருந்த பயமும்தான். விற்பவன், ஏமாற்றுபவன் இருவருக்கும் இந்தப் பயம் தெரியும். நாம் திட்டுகிற இடத்தில் பிள்ளை பேசமாட்டான், திட்டாத இடத்தைத் தேடிப் போவான் என்பதை அவர்கள் அறிந்து அங்கே காத்திருக்கிறார்கள்.

வியாபாரப் பெருமக்களுக்கு

இங்கே ஜவுளிக்கடை, செல்போன் கடை, பேக்கரி நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். குற்றாலம் சீசனில் நேந்திரங்காய் சிப்ஸ், மங்குஸ்தான், ரம்புட்டான் வியாபாரம் செய்கிறவர்கள், செங்கோட்டைப் பாதையில் பரோட்டாக் கடை வைத்திருக்கிறவர்கள் இருக்கிறீர்கள். ஜூன் மாதம் சாரல் தொடங்கினால் இரண்டு மூன்று மாத வியாபாரம்தான் வருடத்தை ஓட்டுகிறது. முன்பெல்லாம் தண்ணீர் விழுகிறதா என்று பஸ் கண்டக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். இப்போது ரீல்ஸில் பார்க்கிறார்கள். எந்தக் கடைக்குப் போவது என்று வீட்டில் முடிவு செய்வதும் பல நேரம் அந்தப் பதினாறு வயதுப் பிள்ளைதான். நீங்கள் அவர்களுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும், அதில் தவறில்லை. வியாபாரம் ஹலாலானது. எப்படிச் செய்வது என்பதுதான் கேள்வி.

சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்ததையும், அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று வியாபாரியைக் கேட்டதையும் மக்தபில் ஓதிய எல்லோரும் அறிவோம். ரீல்ஸும் ஒரு குவியல்தான். ஈரத்தை மேலே வையுங்கள்.

போன வருடத்து வெள்ளத்தை எடுத்துப் போட்டு “இன்று அருவியில் சூப்பர் தண்ணீர், வாங்க” என்று சொல்வது ஈரத்தை மறைப்பதுதான். குளிக்கத் தடை இருக்கும் நாளில் அப்படிப் போட்டால் அது வெறும் பொய்யோடு முடியாது. 2024 மே 17-இல் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. உங்கள் வீடியோவை நம்பி பைக்கில் மூன்று பேராக வருகிறவர்கள் அந்த வயதுப் பிள்ளைகள்தான். தேதி போட்டு வீடியோ போடுங்கள். தடை இருந்தால் தடை என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்கிற கடையைத்தான் பிள்ளைகள் மறுபடியும் நம்புவார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அறையில் ஒரு கடையின் பெயர் கெட்டால், அது உங்கள் காதுக்கு வரவே வராது. வாடிக்கை குறைவதுதான் தெரியும்.

இன்னும் மூன்று விஷயங்கள். விலையை எழுதிப் போடுங்கள். விலை கேட்டுத் தனிச் செய்தி அனுப்ப வைத்து பிள்ளைகளின் எண்ணைச் சேர்க்காதீர்கள். பொருள் வாங்க வந்த பெண் பிள்ளையின் எண்ணைக் கடைப் பையன்கள் கையில் கொடுக்காதீர்கள். கடைக்கென்று ஒரு எண், அதைப் பொறுப்பான ஒருவர் பார்க்கட்டும். யாருக்காவது பணமோ பொருளோ கொடுத்து வீடியோ போடச் சொன்னால், அது விளம்பரம் என்று சொல்லச் சொல்லுங்கள்.

வாப்பாமார்களுக்கும் உம்மாமார்களுக்கும்

போனைப் பிடுங்குவது எளிது. பிடுங்கினால் பிள்ளை பேசுவது நிற்காது. நம்மிடம் சொல்வது மட்டும்தான் நிற்கும். அதனால் வீட்டில் ஒரு வாக்குக் கொடுங்கள்: “ஏமாந்துவிட்டேன் என்று நீ வந்து சொன்னால், அன்றைக்குப் போனைத் தொடமாட்டோம், முதலில் சேர்ந்து சரிசெய்வோம்.” கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். 1930 என்ற எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். வாங்கிய பொருளில் குறை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098.

வாரம் ஒரு முறை பிள்ளையிடம், “இந்த வாரம் உனக்கு வந்த விளம்பரத்தில் ஒன்றைக் காட்டு” என்று கேளுங்கள். இதைச் சொன்னவருக்குக் காசு கிடைத்திருக்குமா, இல்லையா என்று இருவரும் சேர்ந்து யோசியுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளையை ஏமாற்றுவது கடினம். பிள்ளையின் தனிச் செய்திகளை ஒளிந்திருந்து படிக்க வேண்டாம். அவன் காட்டுவதைப் பாருங்கள், காட்டும்படி நடந்துகொள்ளுங்கள்.

மாணவ மாணவியருக்கு

உங்களுக்கு ஒன்றே ஒன்று. நண்பன் அனுப்பினான் என்பதற்காக ஒரு லிங்க் நல்லதாகிவிடாது. அவனுக்கும் யாரோ அனுப்பியதுதான். காசு கட்டச் சொன்னால் அங்கேயே நில்லுங்கள். நீங்கள் அடுத்தவருக்கு அனுப்பும் முன்பு, இதனால் அவனுக்கு நஷ்டம் வந்தால் அவன் உம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியுமா என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த ஆண்டு நாங்கள் செய்தது

பேச்சைத் தொடங்கிய இடத்துக்கே வருகிறோம். இந்த ஆண்டு அறிவிப்பை ஐந்து வரியில் எழுதினோம். முதல் வரியே கடைசித் தேதி. எங்களுக்குப் பாடம் சொன்ன அந்த மாணவியும் அவளுடைய தோழிகளும் நாற்பது விநாடி வாய்ஸ் மெசேஜ் ஒன்று பேசிப் பதிவு செய்தார்கள். அவரவர் வகுப்புக் குழுக்களில் அவர்களே போட்டார்கள். கேள்வி கேட்க ஒரு எண் கொடுத்தோம். அந்த எண்ணை எப்போதும் இரண்டு பேர் பார்க்கிறோம். பெண் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை பதில் சொல்கிறார்.

அல்ஹம்துலில்லாஹ், தேதிக்கு முன்பே ஒதுக்கியதை விட அதிக மனுக்கள் வந்துவிட்டன. ஆனால் எங்கள் மனதில் நிற்பது அந்த எண்ணிக்கை அல்ல. இரவு பத்து மணிக்கு மேல் வந்த தனிச் செய்திகள்தான். “மார்க் கம்மி, நான் கேட்கலாமா?” “வாப்பா எங்களோட இல்லை, அந்த இடத்துல என்ன எழுதணும்?” “பாலிடெக்னிக்குக்கும் தருவீங்களா, இல்லை டாக்டருக்கு மட்டுமா?” பள்ளிவாசல் மைக்கில் அறிவித்தபோது இந்தப் பிள்ளைகளும் அங்கே இருந்திருப்பார்கள். எழுந்து கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு குமரியோ வாலிபனோ கூட்டத்தில் கேட்கக் கூசுவதைத் தனியாகக் கேட்கிறார். அந்தச் சின்ன அறை கெட்ட காரியத்துக்கு மட்டும் என்று நாங்களும் நினைத்திருந்தோம். வெட்கத்துக்கும் அதுதான் ஒதுங்குமிடம் என்று இப்போது புரிகிறது.

அந்த அறையின் கதவை விற்பவர் தினமும் தட்டுகிறார். நாமும் தட்டுவோம். திறந்தால் திட்டாமல் கேட்போம். நிதி போதாததால் இந்த ஆண்டு சில மனுக்கள் காத்திருக்கின்றன. வசதியுள்ள வியாபாரப் பெருமக்கள் விளம்பரத்துக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை அந்தப் பிள்ளைகளுக்குத் தருவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளையும் நம் வியாபாரத்தையும் நேர்வழியில் வைப்பானாக. வஸ்ஸலாம்.